ஹயாத் அறிவித்தல்

என் கணவர் முத்தலிபுக்கு என்று சொந்தமாக இருப்பது ஒரேயொரு சொத்து. அவருடைய தொண்டை. மற்ற எல்லாம் என் வாப்பா கொடுத்தது. வீடு, வளவு, கிணறு, விறாந்தையில் கிடக்கிற கதிரைகள்கூட. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். அவர் மூதூரிலிருந்து வள்ளத்தில் வந்திறங்கியபோது கையில் ஒரு தகரப்பெட்டியும் வாயில் ஒரு பாட்டும்தான் இருந்தன என்று என் மூத்த சகோதரி, ராத்தா சித்தி பரீதா இன்றைக்கும் நக்கல் அடிப்பார். ராத்தாவும் நானும் குறிஞ்சாக்கேணியில் ஒரே வளவில் இரண்டு வீட்டில் குடியிருக்கிறோம். அவருடைய குசினியில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் கேட்கும்.

முத்தலிபின் தொழில் மீன் கூறுவது. காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் பாரைக்குட்டியையும் சூடையையும் குவித்துவைத்து, "ஒருதரம், ரெண்டுதரம்" என்று ஏலம் கூறுவார். அந்தச் சத்தத்துக்குக் காகம் கிட்ட வராது. அதைக் கேட்டுத்தான் பள்ளிவாசல் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவித்தல் சொல்ல வைத்தது. அன்றிலிருந்து எங்கள் பகுதியில் யார் மௌத்தானாலும் அது முத்தலிபின் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். தொடக்கத்தில் ஒருமுறை, பெரிய கடைக்காரர் ஒருவரின் ஜனாஸாவை அறிவித்துவிட்டு, பழக்கதோஷத்தில் "ஒருதரம்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அந்தக் கடைக்காரரின் பிள்ளைகள் எங்களோடு கதைக்க வெகுகாலம் சென்றது.

பிறகு அவர் அதில் ஊறிவிட்டார். பள்ளி மைக் கரகரத்ததும் பெண்கள் அடுப்பைக் குறைப்பார்கள், குழாயை மூடுவார்கள். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று அவர் தொடங்குவார். பிறகு ஊர், வீதி, வாப்பா பேர், உம்மா பேர், கூடப்பிறந்தவர்கள். கடைசியில்தான் மௌத்தானவரின் பெயர் வரும். பெயரை முதலில் சொல்லித் தொலைக்கக்கூடாதா, இதயம் வாய்க்கு வந்துவிடுகிறதே என்று நானே ஏசியிருக்கிறேன்.

"பேரை மட்டும் சொன்னா ஆருக்கு விளங்கும், லைலா? மனிசன் எண்டா சொந்தத்தோட சேர்த்துத்தான் மனிசன்" என்பார்.

அவர் அறிவிக்காத மௌத் ஒன்று எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தது. ராத்தாவின் கணவர் ஸைனுலாப்தீன் மச்சான் கடலுக்குப் போனவர். வள்ளம் துறைமுக வாய்க்கு வெளியே கவிழ்ந்து மிதந்தது. ஆள் வரவில்லை, மையித்தாக உடலும் கரையொதுங்கவில்லை. கப்பல்காரர்கள் ஏற்றிப் போயிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். தூரத்தில் வேறு நாட்டில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். நாசமாய்ப் போன வாய்கள். அப்போது ராத்தா முத்தலிபிடம் வந்து, மைக்கில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். "மையித் இல்லாம எப்பிடி மதினி அறிவிக்கிற? நாளைக்கு ஆள் வந்து நிண்டா?" என்று இவர் சொன்னார். ராத்தா திரும்பிப் போய்விட்டார். கணவன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவும் அவர் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கதைக்கவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

இனி அப்ராவின் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை. படிப்பை முடித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிறாள். வாப்பா றிஸ்கான் மௌத்தாகிவிட்டார். உம்மா ஹுஸ்னியா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளையைச் சாச்சி நிப்லா பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்கிறாள் என்றால் தையல் மெசினைப் பார்த்துக்கொண்டு இடைக்கிடை பிள்ளையையும் பார்ப்பாள். இந்தப் பிள்ளை எந்த நேரமும் கையில் போனும் காதில் வயரும்தான். கேம் விளையாடுகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவள் கேம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதுகிறாள் என்று. எழுதி, தானே வாசித்து, இளம் பிள்ளைகள் இருக்கிற ஒரு வட்சப் குழுவில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுகிறாள்.

ஒருநாள் பின்னேரம் வந்து விறாந்தையில் நின்றாள்.

"மாமா, எனக்கு உங்கட குரல் வேணும்."

"என்னத்துக்கு மகள்? மீன் கூறவா?"

"எண்ட நாவலுக்கு."

கதிரையில் உட்காரவைத்து விவரம் கேட்டோம். நாவலின் பெயர் 'நங்கூரம்'. அதில் வரும் வீடியோ கேமுக்கும் அதே பெயர்தான். கடலுக்கு அடியில் ஒரு துறைமுகம், தாண்டுபோன கப்பல்கள், ஒவ்வொரு கப்பலுக்குள்ளும் ஒரு கதவு. விளையாடுகிற பிள்ளையின் போனில் இருக்கிற பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் அந்தக் கேம் படித்துக்கொள்ளும். பிள்ளை தோற்றால், அந்தப் பிள்ளையின் ஊர்க் குரலிலேயே அதன் மௌத்தை அறிவிக்கும். அடக்குகிற நேரத்தையும் சொல்லும். அந்த நேரத்துக்கு முன் கேம் சொல்கிற வேலையைச் செய்யாவிட்டால் மௌத் நிசமாகும். அதோடும் விடாது. மௌத்தான பிள்ளையின் முகத்தையும் குரலையும் வைத்துக்கொண்டு உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்து, நான் சுகமாக இருக்கிறேன், என்னைத் தேடாதீங்க என்று சொல்லும்.

முத்தலிப் எழும்பிவிட்டார். "சீ. மௌத் விளையாட்டு இல்ல மகள்."

"அதைத்தான் மாமா நானும் எழுதுறேன்" என்றாள் அந்தக் குமரி. "அந்த இடத்துல வேற ஆர் சொன்னாலும் நாடகம் மாதிரி இருக்கும். நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஆள் மற்றவர் வாயாலும் கெடுவார். குரலைப் புகழ்ந்தால் கொடுவா மீனையும் கூனி இறால் விலைக்கு விட்டுவிடுகிற மனிதர். தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆர்ட மௌத்?"

"எண்ட."

நான் கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். "விசரா உனக்கு?"

"வேற ஒருத்தர்ட பேரைப் போடுறது பாவம் மாமி. அதான் எண்ட பேரையே போட்டேன்."

அவள் கொடுத்த துண்டில் இருந்தது ஒரேயொரு வரி. அப்ரா என்ற யுவதி வபாத்தானார், அவ்வளவும்தான். முத்தலிப் அதை ஒருமுறை பார்த்தார், முகத்தைச் சுழித்தார், துண்டை மடியில் போட்டார். பிறகு வாயைத் திறந்தார். குறிஞ்சாக்கேணி, வீதி, மர்ஹூம் றிஸ்கான், ஹுஸ்னியா ஆகியோரின் மகளும் என்று ஒன்றுவிடாமல் போனது. வபாத்தானார்கள், ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸர் தொழுகையின் பின் என்பதுவரை வந்துதான் நின்றது. வாப்பா பேர் இல்லாமல் ஒரு மௌத்தைச் சொல்ல அந்த வாய்க்குத் தெரியாது.

அப்ரா பதிவை நிறுத்தினாள். "மாமா, எனக்கே பயமா இருக்கு" என்றாள். ஆனால் முகத்தில் பயத்தை விடச் சந்தோசம்தான் இருந்தது. நான் இரண்டு பேரையும் ஏசி எழுப்பி அனுப்பினேன்.

அந்தக் குரலின் வாலில் அவள் தன்னுடைய குரலையும் ஒட்டிவைத்தாள். "விளையாட்டு முடிஞ்சுது. இனி என்னைத் தேடாதீங்க." நாவலில் வருகிற வசனம். அடுத்த அத்தியாயத்துக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று இந்தத் துண்டைக் குழுவில் போட்டாள். கீழே 'நங்கூரம் நாவலின் புதிய அத்தியாயம் விரைவில்' என்று எழுதியும் இருக்கிறாள். பிழை சொல்ல ஏலாது. ஆனால் ஒருவர் குரலை மட்டும் எடுத்து அடுத்தவருக்கு அனுப்பினால் எழுத்து அதோடு போகாது. அது அங்கேயே நின்றுவிடும். குரல் தனியாக ஊருக்குள் வந்தது.

காலையில் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முத்தலிப் கரையில். ராத்தா முக்காடு நழுவ ஓடிவந்து, "லைலா, நம்மட அப்ரா போயிட்டா" என்று நிலத்தில் குந்திவிட்டார். அவருடைய கையிலிருந்த போனில் என் கணவரின் குரல் போய்க்கொண்டிருந்தது. அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்தக் குரலைப் பதியும்போது பக்கத்தில் சுளகோடு இருந்தவள் நான். அது பொய் என்று முதலிலிருந்தே தெரிந்த மூன்று பேரில் ஒருத்தி. இருந்தும் துருவலகில் என் விரல் வெட்டியது, அதுவும் தெரியவில்லை. அந்தக் குரல் சொன்னால் அது நடந்ததுதான் என்று உடம்பு பழகியிருக்கிறது. அழுதுகொண்டே அரைவாசித் தூரம் ஓடிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

அதற்குள் அந்த வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. நிப்லா தையலை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தவள், இத்தனை பேர் எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமல் அவளும் சேர்ந்து அழத்தொடங்கிவிட்டாள். அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்த அப்ரா, தலை குலைந்தபடி, கொட்டாவி விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

முன்னால் நின்ற பெண் பின்னால் நின்றவள் மேல் விழுந்தாள். ஒருத்தி கலிமா சொன்னாள். இன்னொருத்தி துணிந்து கிட்டப்போய் அப்ராவின் காலைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. "என்ன மாமி எல்லாரும்?" என்று பிள்ளை கேட்டது.

அந்த நேரம்தான் பள்ளியிலிருந்து ஆண்கள் நாலு பேர் மையித்தைக் கொண்டுபோகிற சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு கடப்படியில் வந்து நின்றார்கள். அப்ரா அதைப் பார்த்தாள். தன்னைக் கிடத்தித் தூக்கிப்போக வந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். எழுதும்போது எத்தனை பேரைக் கொன்றிருப்பாள், ஒரு சந்தூக்கு வாசலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

முத்தலிப் மீன் வெடிலோடு ஓடிவந்தார். கரையில் ஒருவர் அவருடைய கையைப் பிடித்து, "எப்ப வந்து அறிவிச்சீங்க? அந்தப் புள்ளைக்கு என்ன நடந்த?" என்று கேட்டிருக்கிறார். நான் அறிவிக்கவில்லையே என்று இவர் சொல்ல, அவர் போனைப் போட்டுக் காட்டியிருக்கிறார். "எண்ட குரலே எண்ட காதுக்குள்ள வந்து சொல்லுது லைலா. எண்ட குரலே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்ராவைக் கண்டதும் தலையில் கைவைத்து முற்றத்து மண்ணில் குந்தினார்.

ஏச்சும் சிரிப்புமாகக் கூட்டம் கலையத் தொடங்கியபோது அப்ராவின் போன் அடித்தது. குவைத். வீடியோ கோல்.

"உம்மா" என்று அவள் எடுத்தாள்.

அந்தப் பக்கத்தில் ஹுஸ்னியா மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் உயிரோடு இருப்பதைப் பார்க்கிற தாய் எப்படி இருக்கவேண்டும்? அவள் பேயைக் கண்டவள்போல் கத்தினாள். "நீ எண்ட புள்ள இல்ல. எண்ட புள்ளட முகத்தோட வராத. எண்ட புள்ளைய என்ன செஞ்சீங்க?" போன் விழுந்தது. எங்கேயோ ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

எங்களுக்குத் தலை கால் விளங்கவில்லை. அப்ராவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. "மாமி, நான் உம்மாக்கு ஒவ்வொரு கிழமையும் கதை சொல்லி அனுப்புறனான். குரல்ல. முதல்ல கேக்கிறது உம்மாதான்."

"அப்ப அவளுக்குத் தெரியுமே, இது நாவலெண்டு."

"கதையெண்டுதான் சொன்னேன். உம்மா, அந்த கேம்ட கதை கேளுங்க, அப்பிடித்தான் சொன்னேன்."

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. எங்கள் ஊரில் கதை என்றால் என்ன? சந்தையில் நடந்ததும் கதை, பக்கத்து வீட்டில் உடைந்ததும் கதை. என்ன கதை என்று கேட்டால் என்ன செய்தி என்று அர்த்தம். ஹுஸ்னியா நாவலைக் கண்டாளா? பிள்ளைகளைக் கொல்லுகிற கேம் ஒன்று ஊருக்குள் வந்திருக்கிறது, அது மௌத்தை அறிவிக்கும், பிறகு பிள்ளையின் முகத்தில் வந்து பொய் சொல்லும் என்று மகள் கிழமைக்குக் கிழமை செய்தி அனுப்புவதாக அவள் கேட்டிருக்கிறாள். பிள்ளையும் எந்நேரமும் போனோடுதான் என்று நாங்களும் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். இப்போது யாரோ ஊரிலிருந்து அனுப்பி அறிவித்தலும் வந்துவிட்டது. அதன் வாலில் மகளின் குரல், என்னைத் தேடாதீங்க. அதன் பிறகு மகளின் முகம். எல்லாம் கதையில் வந்த ஒழுங்கிலேயே வந்திருக்கிறது.

போனை அந்தப் பக்கம் வேறொருத்தி எடுத்தாள். எல்சி. பாலையூற்றுப் பிள்ளை, அதே வீட்டில் வேலை செய்கிறவள். முன்பும் ஓரிரு முறை என்னோடு கதைத்திருக்கிறாள்.

"லைலா அக்கா, ஹுஸ்னியா அக்கா மொட்டைமாடி அறைக்குள்ள போய்ப் பூட்டிட்டா. எவ்வளவு கூப்பிட்டும் திறக்கிறா இல்லை. சுவரில தலையை அடிக்கிற சத்தம் மட்டும் கேக்குது."

"புள்ள ஹயாத்தோட, உசிரோட இருக்கெண்டு சொல்லுங்க. இந்தா எண்ட பக்கத்துல நிக்கிறா."

"சொன்னனான் அக்கா. நான் சொன்னாலும் நம்புறா இல்லை, நீங்கள் சொன்னாலும் நம்பமாட்டாவாம். போனுக்குள்ள ஆர்ட குரலும் வருமாம். பிரஷர்க் குளிசை இஞ்ச வெளியில கிடக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்ரா போனைப் பறித்து, உம்மா, உம்மா என்று கத்தினாள். அவள் கத்தக் கத்த அந்தப் பக்கம் அடிக்கிற சத்தம் கூடியது. எல்சிதான், "தங்கச்சி, நீங்கள் கதைக்க வேண்டாம். உங்கட குரலைக் கேட்டால் அவவுக்கு இன்னும் கூடுது" என்றாள். தன் தாயைக் காப்பாற்றத் தன் குரலை அடக்கவேண்டியிருக்கிறது என்று கேட்ட பிள்ளை வாயில் துணியை அடைத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலாமல் இருந்தது.

கொஞ்சம் பொறுத்து எல்சி சொன்னாள். "அக்கா, உள்ளுக்கிருந்து ஒண்டு சொல்லுறா. பள்ளி மைக்கில சொல்லட்டாம். ஊர் முழுக்கக் கேக்க முத்தலிப் காக்கா சொன்னால் மட்டும் கதவைத் திறப்பாவாம். போனுக்குப் பொய் சொல்லலாம், ஊருக்குச் சொல்ல ஏலாது எண்டுறா."

ஓடினோம். பள்ளிவாசல் வளவில் நிர்வாகத் தலைவர் ஸப்வான் ஹாஜியார் நின்றார். விசயம் கேட்டுக் கொதித்துப்போய் இருந்தார். தோண்டத் தொடங்கிய குழியை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். முத்தலிபைக் கண்டதும், "பள்ளிட குரலைக் கொண்டுபோய் கேமுக்குக் குடுத்திருக்கீங்க. இனி உங்கட வாயால ஒரு மௌத்தைச் சொன்னா ஊர் நம்புமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

நான் கேற்றுக்கு வெளியே நின்று சொன்னேன், மைக் வேண்டும் என்று.

"ஹயாத்தெண்டு அறிவிக்கிற வழக்கம் எங்கயாவது இருக்கா? மைக்குல மௌத் சொல்லுவோம். பெருநாள் பிறை சொல்லுவோம். காணாமப்போன மாடு சொல்லுவோம்."

"மாட்டுக்குக் குடுக்கிற இடத்தை ஒரு தாய்க்குக் குடுங்க ஹாஜியார்."

"உங்கட மனிசன்ட வாயாலதான் இவ்வளவும் வந்தது."

"ஓம். அந்த வாயாலதான் போகவும் வேணும். வேற ஆர்ட வாயையும் அவள் கேக்கமாட்டாள். அங்க அவள் மௌத்தாகிட்டா அந்த அறிவித்தலை ஆரைக்கொண்டு சொல்லுவீங்க?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த போனில் சுவரில் அடிக்கிற சத்தம் அவருக்கும் கேட்டது. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முத்தலிப் போகவில்லை. "லைலா, எனக்கு இதைச் சொல்லத் தெரியாது. எப்பிடித் தொடங்கிற?"

"தெரிஞ்ச மாதிரித் தொடங்குங்க. முடிவை மட்டும் மாத்துங்க."

மைக் கரகரத்தது. நான் போனை ஒலிபெருக்கிக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். அந்தப் பக்கத்தில் எல்சி தன்னுடையதைக் கதவோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று தொடங்கினார். அந்த மைக்கில், அந்தக் குரலில், முதல் சொல் அதுவாக வந்ததை ஊர் ஒருநாளும் கேட்டதில்லை. "குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த மர்ஹூம் றிஸ்கான், ஹுஸ்னியா ஆகியோரின் மகளும், நிப்லா அவர்களின் சகோதரியின் பிள்ளையுமாகிய அப்ரா அவர்கள்..."

அங்கே நின்றது.

அந்த இடத்துக்கு வந்தால் அடுத்ததாக ஒரேயொரு சொல்லைச் சொல்லித்தான் அந்த வாய் பழகியிருக்கிறது. "வ" என்று ஒரு சத்தம் வந்தது. முழு ஊருக்கும் கேட்டது. குவைத்திலும் கேட்டிருக்கும். என் உயிர் போய்விட்டது. வேலியோரம் நின்ற அப்ரா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு செருமல். பிறகு மூச்சு.

"அப்ரா அவர்கள் ஹயாத்தோடு இருக்கிறார்."

சொல்லிவிட்டு நிற்பாட்டியிருக்கலாம். வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "அன்னாரின் ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸர் தொழுகையின் பின்..." என்று வந்து தடுமாறி, "இடம்பெறமாட்டாது" என்று முடித்தார்.

வீதியில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் போனில் எல்சியின் குரல் கேட்டது. "அக்கா, திறந்திட்டா. அக்கா, திறந்திட்டா." பிறகு ஹுஸ்னியாவின் குரல். கம்மி, உடைந்து, பாதியாக. "அது முத்தலிப் காக்காதான். அந்தக் கடைசிக் கதையை வேற ஒருத்தருக்கும் சொல்ல வராது. இப்ப எண்ட புள்ளையக் காட்டுங்க." போனை அப்ராவிடம் கொடுத்தேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. மத்தியானத்துக்குள் என் கணவரின் பெயர் ஹயாத் முத்தலிப் ஆகிவிட்டது. அப்ரா நாவலை அழிக்கப்போகிறேன் என்று அழுதாள். முடிவு என்ன என்று சந்தூக்குத் தூக்கி வந்தவர்களில் ஒருவரே என்னிடம் இரகசியமாகக் கேட்டார். ஹுஸ்னியாவும் எழுதி முடிக்கத்தான் சொன்னாளாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது, இது பொய்க்கதை உம்மா என்று சொல்லித் தொடங்கவேண்டுமாம்.

பின்னேரம் முத்தலிப் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. ராத்தா வந்தார். நக்கல் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். முக்காட்டை ஒழுங்காகப் போட்டிருந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"மச்சான்."

"சொல்லுங்க மதினி."

"ஹயாத்தெண்டும் மைக்குல சொல்லலாமெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

முத்தலிப் தலையை நிமிர்த்தினார்.

"அண்டைக்கு மௌத்தெண்டு சொல்ல ஏலாதெண்டு சொன்னீங்க. மையித் இல்ல, சரி. அப்ப ஹயாத்தெண்டாவது சொல்லியிருக்கலாமே. மௌத்தெண்டா நான் இத்தா இருந்து முடிச்சிருப்பேன். ஹயாத்தெண்டா காத்துக்கொண்டிருப்பேன். ரெண்டுல ஒண்டைச் சொல்லுங்க மச்சான். மைக் வேணாம். இஞ்ச, எனக்கு மட்டும் சொல்லுங்க. உங்கட வாயால வந்தா நான் நம்புவேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவ்வளவு காலமும் வேலி இல்லாத ஒரே வளவில் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. கரண்டி விழுந்தால் கேட்கிற எனக்கு அது கேட்கவில்லை.

முத்தலிப் எழும்பினார். பக்கத்தில் கிடந்த தொப்பியை எடுத்துப் போட்டார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அது அறிவித்தல் குரல்தான்.

"குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த, சித்தி பரீதா அவர்களின் கணவராகிய ஸைனுலாப்தீன் அவர்கள்..."

அங்கே நின்றார். நான் காத்திருந்தேன். ராத்தா காத்திருந்தார். முத்தலிபின் உதடு ஆடியது, தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. அந்தத் தொண்டைக்குச் சத்தம் வராமல் போனதை நான் வாழ்க்கையில் முதன்முதலாக அன்றுதான் கண்டேன்.

கனநேரம் சென்று ராத்தா தலையாட்டினார்.

"ஓம் மச்சான்" என்றார். "அதுவரைக்கும்தான் எனக்கும் தெரியும்."

ஆறிப்போன கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் என் குசினியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போனார்.